ஓடாத நாட்களுக்கான இயந்திரம்

சீனிவாசபுரம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைச் சற்று நின்று பார்த்தால் ஸ்டிக்கர் தொழிலின் பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். கறுப்பில் வெட்டி ஒட்டிய பெயர் பழசான பிறகும் கறுப்பாகவே நிற்கும். சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருக்கும். மஞ்சளில் என்ன எழுதியிருந்தது என்று கிட்டப் போனால்தான் தெரியும். சில எழுத்துகளைச் சுற்றி மயிரிழை அகலத்துக்கு ஓர் அழுக்குக் கோடு ஓடும். வினைல் சுருங்கியதும் ஓரத்தில் பசை வெளியே தெரிய, அதில் மணலும் தூசியும் ஏறிக்கொண்டதால் வந்த கோடு அது. ஒட்டியது மலிவான வினைலா, நல்ல வினைலா என்பதை அந்தக் கோட்டின் அகலமே சொல்லிவிடும்.

பட்டினப்பாக்கம், ஃபோர்ஷோர் எஸ்டேட், சாந்தோம் பக்கம் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்டிக்கர் வெட்டிக் கூடுதல் வருமானம் பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மிஷின் வாங்கலாம் என்பதைத்தான். வேலைக்குக் குறைவில்லை. ஆட்டோவின் பின் கண்ணாடி, லூப் சாலையில் 2024இல் திறந்த மீன் அங்காடியின் கடைப் பெயர்கள், மயிலாப்பூர் வாசல்களுக்குக் கோல ஸ்டிக்கர், வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவரின் பாட்டில் லேபிள், விநாயகர் சதுர்த்தி முடிந்து சிலைகளை இந்தக் கடற்கரைக்குக் கரைக்கக் கொண்டுவரும் வண்டிகளின் அலங்காரம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கேள்வியைத்தான் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் அந்த மிஷின் ஓடாமல் கிடக்கும்? பகுதிநேரத் தொழிலில் இயந்திரம் ஓடும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம். சும்மா இருக்கும்போது, அதுவும் கடல் காற்றில் இருக்கும்போது, அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முழுநேரக் கடையின் கணக்கு இங்கே உதவாது.

இந்தத் தொழிலில் இரண்டு விதமான இயந்திரங்கள் உண்டு. ஒன்று, நிறமேறிய வினைல் ரோலைக் கத்தியால் வெட்டித் தரும் கட்டிங் பிளாட்டர். நம் ஊரில் இதை ரேடியம் கட்டிங் மிஷின் என்பார்கள். இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் ஷீட்டில் இருப்பது நுண்ணிய கண்ணாடி மணிகள், ரேடியம் துளியும் கிடையாது. மற்றொன்று, வெள்ளை வினைலில் படம் அச்சிட்டுத் தரும் ஈகோ சால்வென்ட் பிரிண்டர். எல்லா நிறமும் கிடைக்கும், போட்டோ வரும், வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் செய்யலாம் என்று பலரும் முதலில் பிரிண்டர் பக்கம்தான் போகிறார்கள். பகுதிநேரமாகச் செய்பவர் முதலில் வாங்கக் கூடாதது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் அதன் மைக்குள் இருக்கிறது.

ஈகோ சால்வென்ட் மையில் நிறமித் துகள்கள் கிளைக்கால் ஈதர் வகைக் கரைப்பான்களில் மிதக்கின்றன. கரைப்பான் வினைலின் மேற்பரப்பைச் சற்றே உப்ப வைக்க, நிறமியும் பிசினும் அதற்குள் இறங்கிப் பதிகின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிப் போகிறது. சாதாரண வெள்ளை வினைலில் தனிப்பூச்சு எதுவும் இல்லாமலே அச்சு பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். ஆனால் ஷீட்டில் ஆவியாகும் கரைப்பான் பிரிண்டரின் ஹெட்டிலும் ஆவியாகும். ஹெட்டின் துளை ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரான் விட்டம், தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ படிகம் ஒன்று உள்ளிருந்து தட்டி, சில பிக்கோலிட்டர் அளவுத் துளிகளாக மையை வெளியே தள்ளுகிறது. துளையின் வாயில் மை தடித்துவிட்டால் படிகம் தட்டினாலும் துளி வராது, வந்தாலும் கோணலாகப் பாயும். அச்சில் வெள்ளைக் கோடுகள் விழ ஆரம்பிப்பது அப்போதுதான்.

வேலை இல்லாதபோது ரப்பர் மூடி ஒன்று ஹெட்டை அடைத்து வைக்கும். அது முழுமையான அடைப்பு அல்ல. அதனால் பல இயந்திரங்கள் சும்மா இருக்கும்போதும் மின்சாரத்தைக் கேட்கின்றன, அவ்வப்போது தாமாகவே கொஞ்சம் மையை உறிஞ்சி ஹெட்டைக் கழுவிக்கொண்டு கழிவுப் பாட்டிலில் விடுகின்றன. தினமும் நூறு சதுர அடி அடிக்கும் கடைக்கு இந்தச் செலவு கண்ணில் படாது. சனிக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு அடித்த மையைவிடக் கழுவிக் கொட்டிய மை கூடிவிடும். ஹெட் போய்விட்டால் இயந்திரத்தின் விலையில் கணிசமான பங்கை மறுபடி வைக்க வேண்டும். கட்டிங் பிளாட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் உலரக்கூடிய பொருள் எதுவும் இல்லை. ஒரு மாதம் மூடி வைத்து, திறந்து, பிளேடைத் துடைத்துவிட்டு வெட்டலாம்.

அப்படியானால் அச்சு வேலை வந்தால்? திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அடித்துக் கொடுக்கும் அச்சகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பிரிண்டர் நாள் முழுக்க ஓடுகிறது, ஹெட் உலர நேரமே கிடைப்பதில்லை. அச்சை அங்கே ஜாப் ஒர்க்காகக் கொடுத்து, உருவ ஓரத்தை மட்டும் வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். இதற்குத்தான் பிளாட்டர் வாங்கும்போதே ஒளி உணரி உள்ளதா என்று பார்க்கச் சொல்கிறேன். அச்சின் மூலைகளில் போட்ட கறுப்புக் குறிகளை அந்த உணரி படித்து, ஷீட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு நீண்டோ சுருங்கியோ இருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப வெட்டும் பாதையைத் திருத்திக்கொள்ளும். அச்சகத்திலிருந்து வாங்கி வந்த ஷீட்டை ஒரு நாள் விரித்துப் போட்டுக் கரைப்பான் முழுக்க வெளியேறிய பிறகே லேமினேஷன் போட வேண்டும். அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் கரைப்பான் பசைக்குள் இறங்கி, வெட்டும்போது ஓரங்கள் கொழகொழத்துப் போகும்.

ஊறுகாய் பாட்டில் போன்ற உள்ளறை லேபிளுக்கு, பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டில் இருக்கும் இங்க் டேங்க் பிரிண்டரும் அதற்கென விற்கும் பூச்சிட்ட வினைல் தாளும் போதும். அந்த மை தண்ணீரில் கரைந்த சாயமா, மிதக்கும் நிறமியா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயம் சீக்கிரம் வெளுக்கும், ஈரம் பட்டால் கசியும். மேலே ஒரு லேமினேஷன் கட்டாயம்.

கட்டிங் பிளாட்டர் பிறந்த கதை எளியது. வரைபடம் போடும் பேனா பிளாட்டரில் பேனா இருந்த இடத்தில் கத்தியை வைத்தார்கள். உருளையில் தாளை ஓட்டி வரையும் கால்காம்ப் 565 வந்தது 1959இல். அமெரிக்காவில் கெர்பர் நிறுவனம் எழுத்துப் பலகைக்காரர்களுக்கென்று வினைல் வெட்டும் கருவியை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. எச்பி நிறுவனம் தன் பேனா பிளாட்டர்களுக்காக உருவாக்கிய எச்பி-ஜிஎல் என்ற கட்டளை மொழியைத்தான் இன்றைக்கும் பல வெட்டும் கருவிகள் பேசுகின்றன. பேனாவை இறக்கு, இந்தப் புள்ளிக்குப் போ, பேனாவைத் தூக்கு என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் ஓர் அலகு 0.025 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 40 படிகள். சென்னையின் எழுத்து ஓவியர்கள் எனாமல் பெயின்டும் அணில் வால் தூரிகையும் வைத்து ஒரே இழுப்பில் போட்ட வளைவை இந்தக் கருவி மில்லிமீட்டருக்கு 40 படிகளால் தொட்டுப் பார்க்கிறது. அந்தக் கைகளின் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கணினி எழுத்தின் வளைவில் ஒரு குறை உடனே கண்ணில் படும். அந்தக் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், எழுத்துரு தேர்ந்தெடுக்க உதவும்.

கத்தி எப்படித் திரும்புகிறது என்பது நுட்பமான விஷயம். பிளேடின் முனை அது சுழலும் அச்சுக்கு நேர் கீழே இல்லை. வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் பின்தங்கியிருக்கும். தலை எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசைக்கு முனை தானாகத் திரும்பிக்கொண்டு பின்னால் இழுபட்டு வரும். திருப்புவதற்குத் தனி மோட்டார் கிடையாது. இந்த விலகலின் அளவைக் கருவியிடம் சரியாகச் சொன்னால், மூலைகளில் சிறு வில் போட்டு முனையைத் திருப்பிக்கொள்ளும். தவறாகச் சொன்னால் சதுரத்தின் மூலைகள் உருண்டோ, கொம்பு முளைத்தோ வரும்.

தமிழ் எழுத்தில் இதன் சோதனை புள்ளியில் வருகிறது. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ‘க்’ வெட்டினால் அதன் புள்ளி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டம் வரும். ஆரம் 0.75 மில்லிமீட்டர். கத்தி முனையின் விலகல் அந்த ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கத்தி திரும்பி முடிப்பதற்குள் வட்டமே முடிந்துவிடுகிறது. அதோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. விட்டம் பாதியானால் சுற்றளவு பாதியாகும், பசை பிடித்திருக்கும் பரப்போ கால் பங்காகிவிடும். சுற்றியிருக்கும் வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது ஓரம் முழுக்கச் சரியாக அறுபடாத புள்ளி, பிடிப்பும் இல்லாமல், உரிக்கும் துண்டோடு கிளம்பிப் போய்விடுகிறது. மெய்யெழுத்து மண்டிய ஒரு கடைப் பெயரை உரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். ஆங்கில எழுத்து வெட்டிக் காட்டி விற்கும் கடையில், ‘ஸ்ரீ கற்பகாம்பாள் ஸ்டோர்ஸ்’ என்று ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கருவியின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

அந்தத் தரத்தைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானது மோட்டார். மலிவான கருவிகளில் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். பெரும்பாலானவை ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து நகர்பவை. இத்தனை படி நகரு என்று கட்டளை போகும், நகர்ந்ததா என்று திரும்பிக் கேட்கும் ஏற்பாடு கிடையாது. ரோல் எங்காவது மாட்டி இரண்டு படி தவறினால், அதற்குப் பின் வெட்டுவதெல்லாம் அந்த இரண்டு படி தள்ளியே வரும், வட்டங்கள் மூடாமல் நிற்கும். சர்வோ மோட்டாரில் ஒரு குறியாக்கி இருந்து, உண்மையில் எங்கே நிற்கிறோம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தவறினால் உடனே திருத்தப்படும். ரோலாண்ட், கிராஃப்டெக் போன்ற ஜப்பானியக் கருவிகளின் விலையில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்டெப்பர் கீச்சிடும், சர்வோ அமைதியானது. அலுவலகம் முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு அடுக்குமாடி வீட்டில் வெட்டப்போகிறவர், பக்கத்து வீட்டுக்காரரை நினைத்தாவது சர்வோவுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

பிளேடு டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. சாதாரண வினைலுக்கு 45 டிகிரி பிளேடு, தடித்த ஷீட்டுக்கும் சின்ன எழுத்துக்கும் 60 டிகிரி. ரிஃப்ளெக்டிவ் ஷீட்டில் கண்ணாடி மணிகள் இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும், அதற்கென்று தனியாக ஒரு பிளேடு வைத்துக்கொள்வது நல்லது. அழுத்தத்தைக் கிராமில் சொல்வார்கள். எண்ணைப் பார்த்து வைப்பதைவிடத் துண்டு ஷீட்டில் ஒரு சதுரத்துக்குள் வட்டம் வெட்டிப் பார்ப்பது மேல். வினைலை உரித்தபின் அடித்தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் தெரிந்தால் அழுத்தம் சரி. அடித்தாள் அறுந்திருந்தால் அதிகம். அடித்தாளின் மேலிருக்கும் சிலிக்கோன் பூச்சு கிழிந்தால், பசை காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு எழுத்து கிளம்பி வராது.

எழுத்துகளைக் கோரல்டிராவிலோ இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலோ வளைகோடுகளாக மாற்றிய பிறகு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய உருவங்களை வெல்டு செய்ய மறக்கக் கூடாது. திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு உருவங்களைக் கத்தி இரண்டாகவே பார்க்கும், எழுத்தின் நடுவே குறுக்கே அறுத்துவிடும்.

இனி காற்றைப் பற்றி. அலை உடையும்போது எழும் நுரைக் குமிழிகள் வெடித்து, உப்பு நீரின் நுண் துளிகளைக் காற்றில் வீசுகின்றன. கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பி அந்தத் துளிகளை ஊருக்குள் கொண்டுவருகிறது. பகுதிநேரக்காரர் வேலை பார்க்க ஜன்னலைத் திறந்துவைக்கும் மாலையிலும் அது வீசிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 விழுக்காடே போதும். சென்னைக் கடலோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நேரம் அரிது. ஆக, இயந்திரத்தின் எஃகுத் தண்டிலும் மின் பலகையிலும் படியும் உப்பு, கண்ணுக்கு உலர்ந்த தூசியாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் ஈரமாகவே இருக்கிறது. எஃகை அரிக்கவும், மின் பலகையின் நெருக்கமான இணைப்புகளுக்கு இடையே கசிவு மின்சாரம் ஓடவும் அந்த மெல்லிய உப்புநீர்ப் படலம் போதும்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் சூடாக இருக்கும், சூட்டில் ஈரம் ஒதுங்கும். சும்மா இருக்கும் இயந்திரம்தான் இந்தக் காற்றிடம் மாட்டிக்கொள்கிறது. கடல் பார்த்த அறையில் வைக்காமல் உள்ளறையில் வையுங்கள். துணி உறை காற்றை விடும், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தினால் மறுபடி பயன்படும். தலை நகரும் தண்டை மாதம் ஒருமுறை, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, தயாரிப்பாளர் சொல்லும் மசகை இடுங்கள். வெறும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் உப்பு எண்ணெய்க்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

ஈரம் ரோலையும் விடாது. வினைலின் அடித்தாள் காகிதம் என்றால், அதன் மரநார்கள் நீர் ஏறியதும் நீளவாக்கில் அதிகம் நீளாமல் குறுக்குவாக்கில் உப்பும். அடித்தாளும் மேலிருக்கும் வினைலும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஓரங்கள் சுருண்டு, வெட்டும்போது ரோல் பக்கவாட்டில் நழுவும். இருபுறமும் பாலிஎத்திலீன் பூசிய அடித்தாள் உள்ள ரோல் கொஞ்சம் விலை கூடினாலும், இந்த ஊருக்கு அதுதான் தாங்கும். ஒரு விஷயத்தில் ஈரம் நமக்கு உதவுகிறது. வறண்ட ஊர்களில் ரோலை இழுக்கும்போது நிலை மின்சாரம் சேர்ந்து, கருவி பாதியில் உறைந்து நின்றுவிடும். பட்டினப்பாக்கத்தில் அந்தத் தொல்லை குறைவு.

கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாவது நல்ல வினைல் வாங்குங்கள் என்பேன். வாடிக்கையாளர் வீட்டுக்கோ வண்டிக்கோ போவது வினைல் மட்டுமே. வினைல் என்பது வளையும் பிவிசி, அதை வளைய வைப்பது எது என்பதில்தான் தரம் இருக்கிறது. 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு இணைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். கடினமான பிவிசியைச் சில திரவங்களோடு சூடாக்கியபோது வளையும் பொருள் ஒன்று கிடைத்தது. அந்தத் திரவம்தான் பிளாஸ்டிசைசர். நீண்ட பிவிசி சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்று நழுவ விடுகிறது. மலிவான வினைலில் அது சிறிய மூலக்கூறு, வெயிலில் மெல்ல நழுவிப் பசைக்குள்ளும் காற்றுக்கும் போய்விடும். அது போகப் போக வினைல் முறுகிச் சுருங்கி வெடிக்கும். நல்ல வினைலில் பிளாஸ்டிசைசரே நீண்ட சங்கிலி, பிவிசியோடு பின்னிக்கொண்டு எளிதில் வெளியேறாது. வாங்கும்போது மோனோமெரிக்கா, பாலிமெரிக்கா என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

செய்யும் முறையிலும் வித்தியாசம் உண்டு. காலண்டர்டு வினைலைச் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்து மெல்லியதாக்குகிறார்கள். தேய்த்து இழுத்த பரோட்டா மாவு கையை எடுத்ததும் உள்வாங்குவதுபோல, அந்த இழுப்பின் நினைவு வினைலுக்குள் இருக்கும். வெயிலில் சூடேறும்போது அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வினைலை யாரும் இழுப்பதில்லை. திரவமாக ஒரு தாளின்மேல் பரப்பி, அடுப்பில் உலர்த்துகிறார்கள். சுமார் 50 மைக்ரான்தான் இருக்கும், உள்ளே இழுவிசை இல்லை, வளைந்த பெட்ரோல் டேங்கில் படிந்து கிடக்கும், சுருங்காது. கடைக் கண்ணாடி, சமதளப் பலகைக்குப் பாலிமெரிக் காலண்டர்டு போதும். பைக்கின் வளைவுக்கும் படகுக்கும் காஸ்ட் வேண்டும். திருமண வண்டியில் ஒரே நாள் இருக்கப்போகும் பெயருக்கு எது மலிவோ அது.

ரோலின் விவரத் தாளில் இத்தனை ஆண்டு ஆயுள் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி உத்தரவாதம் கொடுக்காதீர்கள். பல தயாரிப்பாளர்களின் கணக்கு, செங்குத்தான பரப்பில், மத்திய ஐரோப்பிய வெயிலில் போட்டது. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே விழாமல் போகிறது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அதைவிட எவ்வளவோ சுடும். படுக்கை வசமான பரப்பு, உதாரணமாகக் காரின் பானெட், அந்த அடியை முழுக்க வாங்கும்.

நிறத்தைச் சொல்லித் தேர்ந்தெடுக்க வைப்பதும் நம் வேலைதான். ஒரு நிறமி சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரிகிறது என்றால், அது நீல, ஊதா ஒளியை விழுங்குகிறது என்று பொருள். ஆற்றல் மிகுந்த ஒளி அது. விழுங்கிய ஆற்றல் நிறமியின் பிணைப்புகளையே உடைக்கிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் பயன்படும் தாலோசயனின் நிறமிகள் மிக உறுதியானவை. பழைய போஸ்டர்களும் ஃபிளெக்ஸும் வெளுத்து ஒரே நீலமாகிப்போவதை ஊர் முழுக்கப் பார்க்கலாம், சிவப்பும் மஞ்சளும் போய்விட மிஞ்சியது அந்த நீலம். கறுப்பு கார்பன் துகள், புற ஊதாக் கதிரையும் தானே விழுங்கிக்கொண்டு அடியிலுள்ள வினைலையும் காக்கிறது. கடலோரத்தில் நாள்பட நிற்க வேண்டிய எழுத்துக்குக் கறுப்பையோ நீலத்தையோ பரிந்துரையுங்கள்.

“அண்ணே, மழைக்கு நிக்குமா?” என்பதுதான் ஆட்டோ ஓட்டுநர் கேட்கும் முதல் கேள்வி. நிற்பதும் நிற்காததும் ஒட்டுகிற அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிறது. ஸ்டிக்கர் பசை திரவம்போல வழிந்து பரப்பின் நுண் பள்ளங்களில் இறங்க வேண்டும், திடப்பொருள்போலப் பிடித்தும் நிற்க வேண்டும். 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் இதற்கு ஓர் எல்லை கண்டார்: பசையின் விறைப்பு சில லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருந்தால்தான் அது பரப்பில் ஒட்டும். இறங்குவதற்கு நேரமும் அழுத்தமும் தேவை. அதனால்தான் ஸ்க்ராப்பரால் அழுத்தித் தேய்ப்பதும், ஒட்டிய வண்டியை ஒரு நாளாவது தண்ணீர் விட்டுக் கழுவாமல் இருக்கச் சொல்வதும்.

இறங்க வேண்டுமென்றால் பரப்பும் ஒத்துழைக்க வேண்டும். பரப்பு ஆற்றல் என்று ஓர் அளவு உண்டு. மீன் பெட்டியும் தண்ணீர் டிரம்மும் பாலிஎத்திலீன், பக்கெட்டுகளும் வண்டிகளின் சில பாகங்களும் பாலிபுரோப்பிலீன். இரண்டுக்கும் மீட்டருக்கு சுமார் 30 மில்லிநியூட்டன். ஹெல்மெட்டின் ஏபிஎஸ் 40ஐ ஒட்டி. கண்ணாடிக்கு இன்னும் பல மடங்கு. சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பரவினால் ஒட்டும். உருண்டு முத்தாக நின்றால் சாதாரண வினைல் நிற்காது, குறைந்த ஆற்றல் பரப்புக்கென்று தடித்த பசையோடு வரும் ரோல்தான் வேண்டும். மீன் பெட்டிக்கு ஆர்டர் பிடிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் சுத்தம் செய்வதில் இருக்கிறது. ஒட்டும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது எல்லோரும் செய்வது. எண்ணெய்க்கும் கைப்பிசுக்குக்கும் அது சரி. உப்போ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். கரையோரம் நிற்கும் வண்டியைச் சுத்தமான ஆல்கஹாலால் துடைத்தால், உப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறோம், அவ்வளவுதான். அதன்மேல் ஒட்டினால் பசைக்கும் பெயின்டுக்கும் நடுவே சிக்கிய உப்பு, ஓரத்து வழியாக ஈரத்தை இழுத்து அங்கேயே தேக்கி வைக்கும். மழையில் ஓரம் தூக்குவது அப்படித்தான். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அதன்பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வெயிலில் சுட்ட பரப்பிலும் ஒட்டக்கூடாது. சூட்டில் பசை இளகித் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த விடாது. காலை நேரம், நிழல். புதிய ஃபைபர் படகென்றால் இன்னொரு கவனம்: பாலியெஸ்டர் பிசின் முழுக்க இறுகும்வரை ஸ்டைரீன் ஆவி வந்துகொண்டிருக்கும், மேலே ஒட்டிய வினைல் கொப்பளிக்கும். அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய மெழுகும் மேலே இருக்கும். படகு கட்டிச் சில வாரம் போகட்டும், மெழுகை எடுத்துவிட்டு ஒட்டலாம்.

லேசர் கட்டர் வைத்தே வினைலையும் வெட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிவிசியின் எடையில் 57 விழுக்காடு குளோரின். லேசர் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். மூச்சுக்குழாயை எரிக்கும், கருவியின் உலோகத்தையும் கண்ணாடிகளையும் அரிக்கும். வெட்டி உரித்த துண்டுகளை எரிப்பதும் அதே ஆபத்து. எரியும்போது டையாக்சின்களும் உருவாகும். துண்டுகளை ஒரு பையில் சேர்த்து வையுங்கள், கரையில் குப்பையோடு போட்டுக் கொளுத்த விடாதீர்கள்.

எந்த வேலையை ஏற்கலாம் என்பதும் கருவித் தேர்வை மாற்றுகிறது. ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் அன்றாடச் சோறு நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுத் தகடு கட்டாயமாகிவிட்டது. அலுமினியத் தகட்டில் எழுத்தைப் புடைத்து, ஹோலோகிராம் பதித்து வரும் தகடு அது. ஸ்டிக்கர் எண்ணுக்கு அங்கே இடமில்லை. தனியார் வண்டிகளில் பத்திரிகை, காவல், வழக்கறிஞர் என்று ஒட்டிக்கொள்வதற்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. இந்த இரண்டையும் நம்பி ரிஃப்ளெக்டிவ் ரோல்களை வாங்கி அடுக்க வேண்டியதில்லை. இப்போது பெருகுவது கடைக் கண்ணாடி, வீட்டுத் தொழில் லேபிள், கோலம், பெயர்ப்பலகை. இவற்றுக்கு இரண்டடி அகலம் எடுக்கும் பிளாட்டர் தாராளம். நான்கடிக் கருவி வீட்டில் இடத்தைத்தான் அடைக்கும்.

நல்ல நிறுவனத்தின் பழைய சர்வோ கருவி கிடைத்தால், புதிய மலிவான ஸ்டெப்பர் கருவியைவிட அதையே எடுக்கலாம். போகும்போது உங்கள் ரோலையும் புதுப் பிளேடையும் கொண்டுபோங்கள். மூடியைத் திறந்து, ரோலை அழுத்தும் ரப்பர் உருளைகளைப் பாருங்கள். ஓடாமல் கிடந்த கருவியில் நெம்புகோலை இறக்கியே விட்டிருந்தால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். பிளேடு தொட்டு ஓடும் வெள்ளைப் பட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. மின் இணைப்புத் துளைகளில் பச்சை பூத்திருந்தால் கருவி கடலோரத்தில் இருந்தது என்று பொருள், உள்ளே பலகையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு பிளேடுக்குப் பதிலாகப் பேனா மாட்டி, இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டு, அதே கோட்டின்மேல் திரும்பி வரச் சொல்லுங்கள். இரண்டு கோடும் ஒன்றாகத் தெரிந்தால் உருளைகள் ரோலை நேராக இழுக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.